கட்டுமலை நாடு

கும்பகோணத்துக்கு மேற்கே, சுவாமிமலை ஸ்டேஷனில் வண்டி நிற்கும்போது, பெயர்ப் பலகையைப் படித்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே மலையைத் தேடுகிற வெளியூர் யாத்திரிகர்களை நான் பலமுறை கண்டிருக்கிறேன். அவர்கள் கண்ணுக்குத் தென்படுவது வயல், வயலுக்கு அப்பால் வாழைக்கொல்லை, அதற்கும் அப்பால் தென்னை, பிறகு ஆகாசம். மலை இல்லாமல் இல்லை. ஆனால் அது பூமி தந்த மலையன்று, மனிதன் எழுப்பிய மலை. அறுபது தமிழ் வருஷங்களின் பெயர்களைத் தாங்கிய அறுபது படிகளையும் ஏறிச் சுவாமிநாதனைத் தரிசிக்கிற பக்தர், தாம் நிற்பது ஒரு கட்டுமலையின் உச்சி என்பதைப் பெரும்பாலும் நினைத்துப் பார்ப்பதே இல்லை.

கல்லணைக்குக் கிழக்கே காவிரி பல கிளைகளாகப் பிரிந்து, ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக வண்டலைப் பரப்பி, மேடு பள்ளங்களை எல்லாம் நிரவிவிட்ட பிரதேசம் இது. நீலகிரியில் காமிராவைத் தூக்கினால், முன்னே ஒரு பாறை, நடுவே ஒரு பள்ளத்தாக்கு, பின்னே மலைத்தொடர் என்று இயற்கையே சித்திரத்தை அடுக்கிக் கொடுத்துவிடுகிறது. இங்கே அந்தத் தயவு கிடையாது. படத்தில் முக்கால் பங்கு வானமாகிவிடும். ஆகையால் இந்த மண்ணைப் படமெடுக்கத் தெரிந்தவர்கள், நடவு முடிந்து பயிர் தூர் கட்டுவதற்கு முன்னால், வயலெல்லாம் தண்ணீர் நின்று கண்ணாடி போல் வானத்தை ஏந்திக் கொண்டிருக்கும் அந்தச் சில வாரங்களுக்காகக் காத்திருக்கிறார்கள். அப்பொழுதுதான் மேலே உள்ள வெறுமையைக் கீழே உள்ள நீர் ஈடுகட்டுகிறது; வரப்புகள் கோடுகளாகின்றன; ஒற்றைப் பனைமரம்கூட ஒரு கோபுரத்தின் கம்பீரத்தைப் பெற்றுவிடுகிறது. விடியற்காலையில் வாய்க்கால் கரையில் குந்தியிருந்து எடுக்கவேண்டிய படம் அது. பகல் பத்து மணிக்குக் காரில் வந்து இறங்குகிறவர்களுக்கு அது கிடைப்பதில்லை என்பதில் எனக்கு ஓர் அற்பமான திருப்தி உண்டு.

இந்த நாட்டுக்குக் காமிராவோடு வந்த பெரியவர்களில் முக்கியமானவர் காப்டன் லின்னேயஸ் டிரைப். சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராக நியமனம் பெற்ற அவர், மெழுகு தடவிய காகித நெகடிவ்களைக் கொண்டு தஞ்சையிலும் திருவையாற்றிலும் எடுத்த படங்கள் 1858-ஆம் ஆண்டில் தொகுதியாக வெளிவந்தன. பெரிய கோயில் விமானத்தின் அடிப்புறத்தில் ஓடுகிற கல்வெட்டுக்களை அவர் வரிசையாகப் படமெடுத்து, 21 படங்களை ஒன்றோடொன்று ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளமுள்ள ஒரே சித்திரமாக ஆக்கினார். மலைநாட்டிலே மலைத்தொடரை இப்படி நீளவாக்கில் எடுப்பார்கள். மலையற்ற தஞ்சையில் டிரைப் தம் காமிராவோடு ஒரு கட்டிய மலையின் அடிவாரத்தைச் சுற்றி நடந்தார் என்று நான் எண்ணிக்கொள்வதுண்டு.

கட்டிய மலை என்பது என் கற்பனையும் அன்று. 1010-ஆம் ஆண்டில் முடிவுற்ற அந்த ஆலயத்துக்கு ராஜராஜன் அளித்த செப்புத் திருமேனிகளில் ஒன்றின் பெயர் தட்சிணமேரு விடங்கர். வடக்கே ஒரு மேரு இருக்குமானால் தெற்கே ஒன்று இருக்கட்டும் என்ற சங்கல்பம் அந்தப் பெயரிலேயே தெரிகிறது. கருங்கல் ஒரு துண்டுகூட விளையாத வண்டல் பூமியில், கல்லை எங்கிருந்தோ கொண்டுவந்து 216 அடி உயரத்துக்கு அடுக்கியவனை, தட்டையான நிலம் உறுத்தியிருக்கத்தான் வேண்டும்.

அந்தக் கருங்கல் மேருவை, காற்றடித்தால் பறந்துவிடும் பொருளில் மறுபடி செய்கிறவர்களும் தஞ்சையிலேயே இருக்கிறார்கள். ஏரி குளங்களிலும் சதுப்பு நிலங்களிலும் முளைக்கும் நெட்டி என்ற செடியின் தண்டைக் காயவைத்து, மேல்தோலைச் சீவிவிட்டால், உள்ளே தந்த நிறத்தில் தக்கையினும் லேசான சோறு இருக்கும். அதைக் கூர்மையான கத்தியால் ஏடு ஏடாகச் சீவி, தூணாகவும் மாடமாகவும் நந்தியாகவும் நறுக்கி, பசையால் ஒட்டிப் பெரிய கோயிலை எழுப்பிக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கிறார்கள். வர்ணம் பூசுவதில்லை, பூசினால் அழகு கெட்டுவிடும். 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற இந்தக் கலைக்கும், நரசிங்கம்பேட்டையில் மாட்டுப் பொங்கலுக்காகச் சாயமிட்டுக் கட்டுகிற நெட்டி மாலைக்கும் மூலப்பொருள் ஒன்றுதான். மாட்டின் கழுத்துக்குப் போவதும் மகாதேவன் கோயிலாவதும் குளத்துச் சேற்றிலிருந்தே வருகின்றன. குளங்கள் தூர்ந்துகொண்டே போனால் இரண்டுக்கும் முடிவு வந்துவிடும்.

ஆனால் இந்த நிலம் கைவினைக்குத் தந்த பெருங்கொடை வண்டல் மண்தான். சுவாமிமலை ஸ்தபதிகள் முதலில் தென்னை ஓலையை மடித்துத் தாள அளவு கணக்கிட்டு, தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்த பதத்தில் விக்கிரகத்தை உருவாக்குகிறார்கள். அந்த மெழுகுருவின்மீது முதலில் பூசப்படுவது, ஆற்றங்கரையிலிருந்து எடுத்து நைய அரைத்த வண்டல். நகக்கண்ணின் வளைவு, ஆடையின் மடிப்பு, கழுத்தாரத்தின் மணி ஆகிய ஒவ்வொன்றையும் பிசகின்றி வாங்கிக்கொள்ளும் மிருதுத்தன்மை அதற்கு உண்டு. நிழலில் உலர்ந்த பின் வயல் களியும் மணலும் கலந்த பூச்சு; அதன் மேல் இன்னும் முரட்டு மண்; பெரிய உருவமானால் இரும்புக் கம்பிக் கட்டு. நெருப்பிலே காய்ச்சும்போது மெழுகு உருகி வெளியேறுகிறது. அது விட்டுப்போன வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை வார்க்கிறார்கள். ஆறிய பிறகு மண்கூட்டை உடைத்தாக வேண்டும். ஆகவே ஒரு கூட்டில் ஒரு மூர்த்திதான். காவிரி வேறு விதமான மண்ணைக் கொணர்ந்திருந்தால் அந்த விக்கிரகங்களின் விரல் நுனிகளுக்கு இந்த நளினம் வந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகமே.

அதே ஆற்று மண் தலையாட்டிப் பொம்மையின் அடியிலும் உட்கார்ந்திருக்கிறது. அடிப்பாகத்தை உருண்டையாகவும் கனமாகவும் களிமண்ணால் அமைத்து, மேல்பாகத்தைக் காகிதக்கூழால் லேசாகச் செய்வதால், கனமெல்லாம் கீழே நின்றுவிடுகிறது; எப்படிச் சாய்த்தாலும் ராஜாவும் ராணியும் எழுந்து நிற்கிறார்கள்.

நவராத்திரி வந்தால் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு ஒரு மலை முளைக்கும். கொலுப்படிக்குப் பக்கத்தில் செங்கல்லை அடுக்கி, களிமண்ணில் தோய்த்த சாக்கைப் போர்த்தி, கேழ்வரகையும் கடுகையும் தூவி, காலையும் மாலையும் தண்ணீர் தெளித்துவிட்டு, நாங்கள் அதன் எதிரே காவல் இருப்போம். மலையைக் கண்ணால் கண்டிராத பிள்ளைகள் அமைத்த மலையாகையால் அது பெரும்பாலும் வைக்கோற்போரின் சாயலிலேயே இருக்கும். உச்சியில் ஒரு முருகன். அடிவாரத்தில் நீலக் காகிதத்தின் மேல் உடைந்த முகக்கண்ணாடித் துண்டை வைத்தால் அதுதான் ஆறு. ஒரு வருஷம் நிஜக் காவிரியே வரட்டும் என்று உச்சியிலிருந்து ஒரு சொம்புத் தண்ணீரை நான் ஊற்றிவிட்டேன். முருகன் சரிந்து, மலை கரைந்து, முளைத்த கேழ்வரகோடு சேறு கூடத்தின் கோடி வரையில் சமமாகப் பரவிக் கிடந்தது. பாட்டி வந்து பார்த்துவிட்டு, "சரிதான், நம்ம ஊர் வந்துடுத்து!" என்றாள்.