கொழகொழப்பை வெட்டும் நொதி

லிட்டில் இந்தியாவில் டவுன்டவுன் பாதை ரயிலேறி, பொட்டானிக் கார்டன்ஸில் சர்க்கிள் பாதைக்கு மாறினால் ஒன்-நார்த் வந்துவிடும். 2003இல் திறக்கப்பட்ட பயோபோலிஸ் ஆய்வு வளாகம் அந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. பாக்டீரியாவில் புரதம் வளர்த்துப் பிரித்தெடுப்பது இத்தகைய ஆய்வுக்கூடங்களில் அன்றாட வேலை.

ஈ.கோலி பாக்டீரியாவை உடைத்தவுடன், தண்ணீராக ஓட வேண்டிய கரைசல் நறுக்கிய வெண்டைக்காயாய்க் கொழகொழக்கிறது. பிப்பெட் முனையில் நூல் நூலாக இழுபடுகிறது, வடிகட்டி அடைத்துக்கொள்கிறது. காரணம் டிஎன்ஏ. சுமார் 2 மைக்ரோமீட்டர் நீளமுள்ள செல்லுக்குள், 46 லட்சம் கார இணைகள் கொண்ட, ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் நீள இழை மடங்கிக் கிடந்தது. செல் உடைந்ததும் அது விரிந்து, கரைசல் முழுக்கச் சிக்கலிடுகிறது.

இந்த இழையைத் துண்டாடுவதே நியூக்ளியேஸ் நொதியின் வேலை. பரவலாகப் பயன்படும் பென்சோனேஸ், செராஷியா மார்செசென்ஸ் என்ற பாக்டீரியாவிடமிருந்து கிடைத்தது. டிஎன்ஏ, ஆர்என்ஏ இரண்டையும் சில காரங்களே நீளமுள்ள துணுக்குகளாக வெட்டும், புரதத்தைத் தொடாது. சில நிமிடங்களிலேயே கரைசல் இளகி ஓடுவதைக் கண்ணால் பார்க்கலாம்.

ஆனால் அதற்கு மக்னீசியம் வேண்டும். 1 அல்லது 2 மில்லிமோலார் போதும். புரதம் சிதையாமலிருக்கப் பலரும் ஈடிடிஏ சேர்க்கிறார்கள். அது மக்னீசியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ள, விலையுயர்ந்த நொதி சும்மா கிடக்கிறது. உப்பு மிகுந்தாலும் வேகம் குறையும். அதற்கென உப்பைத் தாங்கும் நியூக்ளியேஸ்களும் விற்பனைக்கு வந்துவிட்டன. ஒலி அலையால் இழையைச் சிதைக்கலாம்தான். ஆனால் கரைசல் சூடேறி நுரைக்கும். மென்மையான புரதத்துக்கு அது ஆபத்து. செல்லை உடைக்கும் கரைசலிலேயே நொதியைச் சேர்த்துவிடுவதுதான் நல்லது என்பேன்.

டிஎன்ஏயைப் பற்றிக்கொள்ளும் புரதமானால் துணுக்குகள் அதில் ஒட்டியே வரலாம். 260, 280 நானோமீட்டர் ஒளி உறிஞ்சலை ஒப்பிட்டால் அது தெரிந்துவிடும். மிகுந்த உப்பில் கழுவினால் பெரும்பாலும் விலகும். நொதியும் ஒரு புரதமே என்பதால், அடுத்த சுத்திகரிப்பில் அதையும் அகற்றியாக வேண்டும்.

ஆய்வுக்கூடத்தில் இது வேலையைச் சுலபமாக்கும் வழி. துவாஸில் உள்ளவை போன்ற உயிரி மருந்து ஆலைகளிலோ டிஎன்ஏயை நீக்குவது கட்டாயம். தொடர்ந்து பெருகும் விலங்குச் செல்களில் தயாராகும் ஊசி மருந்துகளுக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த வரம்பு, ஒரு டோஸில் 10 நானோகிராம் டிஎன்ஏ. அதாவது, ஒரு கிராமில் பத்துக் கோடியில் ஒரு பங்கு.