அவதானம்! கடலுக்குள் காற்றாலை வரலாம், கேட்க மாகாண சபை இல்லை

காற்றாலை மன்னாரின் பிரச்சினை, நல்லூருக்கு என்ன என்று இருப்பவர்கள் உடனே விழித்துக்கொள்ள வேண்டும். அடுத்த சுற்று கடலுக்குள் வரக்கூடும். வடக்கின் கடலைப் பற்றிப் பேச வடக்கு தெரிவுசெய்த மாகாண சபை ஒன்றும் இன்று இல்லை.

மன்னார்த் தீவின் தென்கரையில் 2020இல் 30 காற்றாலைகள் எழுந்தன. மழைவெள்ளம் வடிகிற வழி அடைபட்டது, மீன்பாடு குறைந்தது என்று அங்குள்ள சனங்கள் முறையிட்டார்கள். 2025 ஓகஸ்டில் அவர்கள் வீதிக்கு இறங்கிய பிறகுதான் புதிய வேலைகள் ஒரு மாதம் நிறுத்தப்பட்டன. செப்டெம்பர் இறுதியில், காற்றாலைப் பாகங்களை இரவில் கொண்டுவந்தபோது பொலிஸாருக்கும் மக்களுக்கும் இடையே மோதல் மூண்டது. மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாட் திட்டத்துடன் வந்த அதானி நிறுவனம் 2025 பெப்ரவரியில் விலகியதும் மக்கள் சொல்லி அல்ல; கொழும்புடனான விலைப்பேச்சு முறிந்ததால்.

இதெல்லாம் தரையில் நடந்தது. இலங்கைக் கடலில் 50 கிகாவாட்டுக்கு மேல் காற்று மின்சாரம் எடுக்கலாம் என்று உலக வங்கிக் குழுமம் 2023இல் கணக்கிட்டது. தூண் ஊன்ற ஆழம் குறைந்த கடலும் பலமான காற்றும் வேண்டும். இரண்டும் மன்னார்ப் பக்கத்தில் இருக்கின்றன.

வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன்பிறகு தேர்தல் இல்லை. ஜனாதிபதி நியமிக்கும் ஆளுநரே நிர்வாகத்தை நடத்துகிறார். சபை இருந்திருந்தாலும் கை கட்டப்பட்டே இருந்திருக்கும். அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் மாகாணத்துக்கு மின்னுற்பத்தி அதிகாரம் கொடுத்துவிட்டு, தேசிய மின்கட்டமைப்புக்குப் போகும் மின்சாரத்தை அதிலிருந்து விலக்கிவிட்டது. பெரிய காற்றாலை எல்லாம் அந்த விலக்குக்குள்தான் வரும்.

பிந்தினால் என்ன ஆகும் என்பதற்கு நோர்வே சாட்சி. ஃபோசென் பகுதியில் 151 காற்றாலைகள் சாமி பழங்குடியினரின் கலைமான் மேய்ச்சல் உரிமையை மீறுவதாக 2021இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. சாமி மக்களுக்குத் தனிப் பாராளுமன்றமும் உண்டு. ஆனாலும் தீர்ப்பு வருமுன்பே எழுந்துவிட்ட காற்றாலைகள் இன்னும் சுழல்கின்றன. தீர்ப்பு வந்தும் எழும்பியது இறங்கவில்லை என்றால், மாகாண சபையே இல்லாத நாங்கள் எந்த மூலைக்கு?

ஆகவே இப்போதே செய்யுங்கள். சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை வெளியானால் கருத்துச் சொல்ல ஏறத்தாழ ஒரு மாதமே கிடைக்கும். பத்திரிகை அறிவித்தல்களைத் தவறவிடாதீர்கள். ஆரம்பச் சுற்றாடல் பரிசோதனை மட்டும் போதும் என்று ஒரு திட்டத்தைக் கடத்தப் பார்த்தால் எதிர்த்துக் கேளுங்கள். அதில் பொதுமக்கள் கருத்தைக் கேட்கும் கட்டாயம் இல்லை. 2025 மே மாதம் நீங்கள் தெரிவுசெய்த பிரதேச சபை உறுப்பினர்களைப் பிடித்து, கடற்றொழிலாளர் சங்கங்களின் சம்மதம் இல்லாமல் கடலில் தூண் ஊன்றக் கூடாது என்று தீர்மானம் நிறைவேற்றச் சொல்லுங்கள்.

காற்று மின்சாரம் வேண்டாம் என்று எவரும் சொல்லவில்லை. எங்கே, எத்தனை, யாருக்கு என்ன பங்கு என்பதை இந்த மண்ணின் சபை தீர்மானிக்க வேண்டும். மாகாண சபைத் தேர்தலை இன்றே கேளுங்கள். கேள்விப்பத்திரம் கோரிய பிறகு கேட்பது காலம் கடந்த கேள்வி.