இந்தியாவில் எய்ட்ஸ் கிருமியை முதலில் கண்டுபிடித்த பெண் டாக்டர்!

பீன்யா:

"அந்த நோயெல்லாம் எனக்கு வராது" என்று அடித்துச் சொல்பவர்கள் பீன்யா தொழிற்பேட்டையிலும் உண்டு. 1985-ல் இந்தியாவே அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தது. எய்ட்ஸ் என்பது வெளிநாட்டு வியாதி, நம் மண்ணில் தலைகாட்டாது என்ற நினைப்பு. அதை உடைத்தவர் ஒரு தமிழ்ப் பெண்மணி. பெயர் டாக்டர் நிர்மலா.

அப்போது அவருக்கு வயது 32. சென்னை மருத்துவக் கல்லூரியில் மேற்படிப்பு படித்து வந்தார். பேராசிரியை சுனிதி சாலமன் சொன்ன யோசனைப்படி, இந்தக் கிருமி இங்கே இருக்கிறதா என்று ஆராயத் தொடங்கினார்.

யாரிடம் போய் ரத்தம் கேட்பது? பால்வினை நோய்க்காக அரசு பொது ஆஸ்பத்திரிக்கு வந்த பெண்களிடம் பழகினார். சிலருடைய விலாசத்தில் 'வி. ஹோம்' என்று இருந்தது. விசாரித்தபோது அது விஜிலென்ஸ் ஹோம் என்று தெரிந்தது. விபசார வழக்கில் பிடிபட்டவர்களும் ஆதரவற்றவர்களும் வைக்கப்பட்டிருந்த இடம். பஸ் காசை மிச்சம் பிடிக்க, கணவரே ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுவார். மூன்று மாதத்தில் 80-க்கு மேற்பட்டவர்களிடம் ரத்தம் எடுத்தார். கையுறை கூடக் கிடையாது. ரத்த மாதிரிகளை வீட்டு பிரிட்ஜில் வைத்தார்.

காட்பாடிக்கு ரயில்

சோதிக்கும் வசதி சென்னையில் இல்லை. 1986 பிப்ரவரியில் ஒரு நாள் இரவு, ஐஸ் பெட்டியுடன் கணவனும் மனைவியும் காட்பாடிக்கு ரயில் ஏறினார்கள். வேலூர் சி.எம்.சி.யில் சோதனை நடந்தது. 6 மாதிரிகள் மஞ்சளாக மாறின! மறுபடியும் அதே முடிவு. அமெரிக்காவில் நடந்த சோதனையும் அதை உறுதி செய்தது. மே மாதம் சுகாதார மந்திரி எச்.வி.ஹண்டே சட்டசபையில் அறிவித்தார்.

வறுமை, தனிமை, போக்கிடம் இல்லாமை. இவற்றின் வழியாகத்தான் நோய் நுழைகிறது என்பதை அந்த விலாசமே காட்டியது.

சம்பள நாள்

பீன்யாவில் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு, ஒரே அறையில் நாலைந்து பேராகத் தங்கியிருப்பவர்கள் பலர். சம்பள நாளில் சிலர் குடிக்கிறார்கள். குடித்தால் நிதானம் போகிறது. ஆணுறை நினைவுக்கு வருவதில்லை. கிருமி பல வருஷம் அறிகுறியே காட்டாமல் இருக்கலாம். ஊருக்குப் போகிறவர் தனக்கே தெரியாமல் மனைவிக்கும் கொடுத்துவிடலாம்.

அன்று அந்தப் பெண்களிடம் எய்ட்ஸ் சோதனை என்று சொல்லாமலே ரத்தம் எடுக்கப்பட்டது. 2018-ல் அமலுக்கு வந்த சட்டப்படி இன்று சம்மதம் கேட்க வேண்டும். முடிவை ரகசியமாக வைக்க வேண்டும். வேலையில் பாரபட்சம் காட்டக் கூடாது.

அரசு ஆஸ்பத்திரி பரிசோதனை மையங்களில் சோதனை இலவசம். மருந்தும் 2004 முதல் இலவசம். தினமும் தவறாமல் சாப்பிட்டு, சோதனையில் தென்படாத அளவுக்குக் கிருமி குறைந்துவிட்டால், உடலுறவு மூலம் பிறருக்குப் பரவாது. சந்தேகம் கேட்க 1097-க்கு டெலிபோன் செய்யலாம். குடியை விட நினைப்பவர்களுக்கு ஓசூர் ரோடு நிம்ஹான்ஸில் தனிச் சிகிச்சைப் பிரிவு இருக்கிறது.

பொங்கலுக்கு டிக்கெட் ரிசர்வ் செய்கிறவர்கள், அதற்கு முன் ஒரு நாள் பரிசோதனை மையத்துக்கும் போய் வரலாம்.