போனுக்கும் எஃப்.சி. தேதி உண்டு

"தம்பி, இதைச் சரி பண்றதா, இல்ல புதுசே வாங்கிடறதா?"

சென்னை ரிச்சி தெருவில் எந்த செல்போன் சர்வீஸ் கடை முன்னால் நின்றாலும் கொஞ்ச நேரத்தில் இந்தக் கேள்வி காதில் விழும். கடைக்காரர் போனை வாங்கிப் பக்கவாட்டில் சாய்த்துப் பார்ப்பார். டிஸ்ப்ளேவுக்கும் ஃபிரேமுக்கும் நடுவே நூலளவு இடைவெளி தெரியும். "பேட்டரி உப்பியிருக்குக்கா. மாத்திட்டா இன்னும் ரெண்டு வருஷம் ஓட்டலாம். ஆனா டிஸ்ப்ளேல கோடு வருது பாருங்க, அதுக்குக் காம்போ போடணும். ரெண்டும் சேர்த்தா போன் விலையில பாதி வந்துடும்." கூட வந்த மகள் அதற்குள் ஆன்லைனில் எக்ஸ்சேஞ்ச் ஆஃபரைத் திறந்து வைத்திருப்பாள்.

பேச்சு முழுக்கப் பணத்தைச் சுற்றியே போகும். தப்பில்லை, பணம் நம்முடையது. ஆனால் அந்தக் கண்ணாடி மேசைக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. இந்த போனுக்குக் கடைசியாகப் பாதுகாப்பு அப்டேட் வந்தது எப்போது?

பதில் போனுக்குள்ளேயே இருக்கிறது. ஆண்ட்ராய்டு என்றால் செட்டிங்ஸ், அபௌட் போன், ஆண்ட்ராய்டு வெர்ஷன் என்று வரிசையாகத் தொட்டுப் போனால் செக்யூரிட்டி அப்டேட் என்று ஒரு தேதி தெரியும். அந்தத் தேதி போன மாதமாகவோ அதற்கு முந்தைய மாதமாகவோ இருந்தால் கவலையில்லை. மூன்று வருடத்துக்கு முந்தையதாக இருந்தால், போன் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அது எஃப்.சி. முடிந்த வண்டி. இன்ஜின் ஓடும், ஹாரன் அடிக்கும், சாலையில் இறக்கத்தான் யோசிக்க வேண்டும்.

ஏன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆண்ட்ராய்டில் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை 2015 ஆகஸ்டிலிருந்து கூகுள் பகிரங்கமாகப் பட்டியல் போட்டு, அவற்றை அடைக்கும் வழியையும் சேர்த்தே வெளியிடுகிறது. அப்டேட் வந்துகொண்டிருக்கும் போனுக்கு இது நல்ல செய்தி. அப்டேட் நின்றுபோன போனுக்கோ, எந்த ஜன்னலில் தாழ்ப்பாள் இல்லை என்று தெருவுக்கே அறிவித்த கதை. ஆப்கள் தனியாக அப்டேட் ஆகிக்கொண்டே இருக்கும், வாட்ஸ்அப்பில் புதுப்புது வசதிகள் வரும். அதனால் போன் நன்றாகத்தான் இருக்கிறது என்று நமக்குத் தோன்றும்.

அப்டேட் நின்ற மறுநாளே யாரும் கணக்கைத் துடைத்துக்கொண்டு போய்விடப் போவதில்லை. நம் ஊரில் பணம் பறிபோகும் சம்பவங்களில் பல, ஓ.டி.பி. கேட்டு ஏமாற்றுவது, வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்று சொல்லி ஏ.பி.கே. கோப்பை அனுப்புவது போன்ற வகை. ஆனால் அங்கேயும் போனின் வயது குறுக்கே வருகிறது. வெளியிலிருந்து இறக்கிய ஆப் ஒன்று நம் திரையைப் படிக்கும் அனுமதியையோ நோட்டிஃபிகேஷன்களைப் பார்க்கும் அனுமதியையோ சுலபமாக வாங்கிவிடாதபடி ஒரு தடுப்பு ஆண்ட்ராய்டு 13-ல்தான் வந்தது. முழுமையான தடுப்பு அல்ல. இருந்தாலும் பத்திரிகையைத் தொட்ட கை ஒரு நொடி நின்று யோசிக்க இடம் கொடுக்கிறது. ஆண்ட்ராய்டு 9-ல் அது கிடையாது.

அந்த ஆண்ட்ராய்டு 9 போன் இப்போது யார் கையில் இருக்கிறது? பெரும்பாலும் தாத்தா கையில். நம் குடும்பங்களில் போன் இறங்கும் வரிசை ஒன்று உண்டு. மகன் புதிது வாங்குவான், அவனுடைய பழையது அம்மாவுக்குப் போகும், அம்மாவுடையது ஊரிலிருக்கும் தாத்தாவுக்கு. "அவருக்கு எதுக்குடா பெரிய போனு, பேசத்தானே?" என்பார்கள். ஆனால் பென்ஷன் வரும் வங்கிக் கணக்கு, ஆதாருடன் இணைத்த நம்பர், கேஸ் மானியம் எல்லாம் அந்த போனில்தான் இருக்கும். கல்யாணப் பத்திரிகை என்றால் ஆசையாகத் திறந்து பார்ப்பவரும் அவர்தான். வீட்டிலேயே பலவீனமான பூட்டை, ஏமாற வாய்ப்பு அதிகமுள்ளவர் கையில் கொடுக்கிறோம். என்னைக் கேட்டால், பழைய போனைத் தாத்தாவுக்குக் கொடுப்பதில் குற்றமில்லை. அந்த செக்யூரிட்டி தேதியைப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். காலாவதியானது என்றால் அதில் பணம் சம்பந்தப்பட்ட எதையும் ஏற்றாதீர்கள். பாட்டுக் கேட்கவும் வீடியோ காலில் பேரனைப் பார்க்கவும் மட்டும் இருக்கட்டும்.

போனை மாற்றச் சொல்லி நம்மை உந்துவது பெரும்பாலும் வேறு விஷயம்: "ஸ்லோ ஆயிடுச்சு." இதில் ஒரு பழைய வழக்கைச் சொல்ல வேண்டும். 2017 இறுதியில் அமெரிக்காவில் ஒரு ஐபோன்காரர் தன் பழைய போனில் பேட்டரியை மட்டும் மாற்றினார். போன் பழைய வேகத்துக்குத் திரும்பிவிட்டது. அதை அவர் இணையத்தில் எழுதப்போக, மற்றவர்களும் சோதித்துப் பார்க்க, அந்த டிசம்பரில் ஆப்பிள் ஒப்புக்கொண்டது. பேட்டரி தேய்ந்த போன்கள் திடீரென்று அணைந்துபோகாமல் இருக்க, மென்பொருள் மூலம் அவற்றின் வேகத்தைக் குறைத்திருந்தார்கள். காரணம் நியாயமானதுதான். தேய்ந்த பேட்டரியால் திடீர்ச் சுமைக்குப் போதிய மின்சாரத்தைத் தர முடியாது. பிரச்சினை, அதை வாங்கியவரிடம் சொல்லாததில். போனே பழசாகிவிட்டது என்று நினைத்துப் புதிது வாங்கியவர்கள் எத்தனை பேரோ! ஆப்பிள் மன்னிப்புக் கேட்டது, 79 டாலராக இருந்த பேட்டரி மாற்றும் கட்டணத்தை 29 டாலராகக் குறைத்தது. 2018-ல் இத்தாலி ஆப்பிளுக்கு 1 கோடி யூரோ அபராதம் போட்டது. மென்பொருள் அப்டேட்டால் பழைய போன்களைத் திணறவைத்ததற்காக சாம்சங்குக்கும் 50 லட்சம் யூரோ. அமெரிக்காவில் தொடுக்கப்பட்ட வழக்கில் 50 கோடி டாலர் வரை கொடுக்க 2020-ல் ஆப்பிள் இசைந்தது.

அந்தச் சர்ச்சையால் நமக்குக் கிடைத்த லாபம் ஒன்று உண்டு. ஐபோன் செட்டிங்ஸில் பேட்டரி எத்தனை சதவீதம் ஆரோக்கியமாக இருக்கிறது என்று இப்போது பார்க்கலாம். 80-க்குக் கீழே போயிருந்தால் முதலில் பேட்டரியை மாற்றுங்கள், ஷோரூம் வாசலை அப்புறம் மிதிக்கலாம். பல ஆண்ட்ராய்டு போன்களில் இந்த எண் தெரியாது. காலையில் நூறு ஏற்றியது மதியச் சாப்பாட்டுக்குள் இருபதுக்கு வந்தால் எண் பார்க்கத் தேவையில்லை. ஸ்டோரேஜ் நிரம்பி வழிந்தாலும் போன் திணறும். காலை வணக்கப் படங்களையும் குடும்பக் குழுவின் வீடியோக்களையும் அழித்தாலே பல போன்கள் எழுந்து நடக்கும்.

பேட்டரிக்கு நம் ஊர் வெயில்தான் முதல் எதிரி. ஐபோனை 35 டிகிரி வரையுள்ள சூழலில் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். வேலூரிலும் திருச்சியிலும் மே மாதம் 40-ஐத் தாண்டுவது சாதாரணம். அக்னி நட்சத்திரத்தில் பைக் ஹேண்டில்பாரில் போனை மாட்டி, மேப்பையும் ஓடவிட்டு, பவர் பேங்கில் சார்ஜும் ஏற்றிக்கொண்டு போகும் டெலிவரி தம்பியின் பேட்டரி, ஏ.சி. அறையில் இருப்பவரின் பேட்டரியைவிடச் சீக்கிரம் தேயும். இருவரும் ஒரே நாளில் ஒரே மாடலை வாங்கியிருக்கலாம். அதனால்தான் 'மூணு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்திடணும்' என்ற கணக்கை நான் நம்புவதில்லை.

லேப்டாப்பில் இதே கதை இன்னும் தெளிவாகத் தெரியும். பத்து வருடத்துக்கு முந்தைய லேப்டாப் ஆன் ஆவதற்குள் ஒரு காபி போட்டுக் குடித்துவிடலாம் என்றால், பெரும்பாலும் உள்ளே சுற்றும் ஹார்ட் டிஸ்க் இருக்கும். அதை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டு, முடிந்தால் ராமையும் 8 ஜி.பி. ஆக்கினால் அரை நிமிடத்தில் திரை வந்து நிற்கும். வேறு எந்தச் செலவும் இவ்வளவு பலன் தராது என்று எந்த சர்வீஸ் ஆளும் சொல்வார்.

ஆனால் அங்கேயும் தேதி வந்துவிட்டது. 2015 ஜூலையில் வெளிவந்த விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு நிறுத்தியது. வீட்டுக் கணினிகளுக்குத் தனியாகப் பதிவு செய்தால் பாதுகாப்பு அப்டேட் மட்டும் 2026 அக்டோபர் வரை என்று ஒரு வருடம் நீட்டித்தது. விண்டோஸ் 11-க்குப் போகலாம் என்றால் டி.பி.எம். 2.0 வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை பிராசஸர் வேண்டும். 2017-க்கு முன் வாங்கிய லேப்டாப்கள் அநேகமாக எல்லாமே வாசலிலேயே நிற்கும். கீபோர்டு நன்றாக இருக்கிறது, கீல் உடையவில்லை, எஸ்.எஸ்.டி. போட்டு ஆறு மாதம்கூட ஆகவில்லை என்பதெல்லாம் அங்கே செல்லாது. எனக்கு இது கொஞ்சம் அடாவடியாகத்தான் படுகிறது.

அப்டேட் இல்லாவிட்டால் ஆபத்து என்பது பயம் காட்டுவதற்காகச் சொல்லும் விஷயமும் அல்ல. 2017 மே மாதம் வானாக்ரை என்ற வைரஸ் சுமார் 150 நாடுகளில் லட்சக்கணக்கான கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டது. இங்கிலாந்தில் அரசு மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் இரண்டு மாதத்துக்கு முன்பே, மார்ச்சிலேயே வந்திருந்தது. போடாதவர்கள் மாட்டினார்கள். மூன்று வருடத்துக்கு முன்பே கைவிடப்பட்டிருந்த விண்டோஸ் எக்ஸ்.பி.க்கும் மைக்ரோசாஃப்ட் அவசரமாக ஒரு மருந்து தயாரிக்க வேண்டியதாயிற்று.

அதற்காக விண்டோஸ் 11 ஏறாத அந்த லேப்டாப்பை எடைக்குப் போட வேண்டியதில்லை. லினக்ஸ் மின்ட், உபுண்டு போன்றவை இலவசம். பிரவுசர், தமிழில் டைப் செய்வது, பிள்ளைகளின் பாடம் எல்லாம் அதில் நடக்கும். டேலியில் கணக்கு எழுதுபவருக்கு மட்டும் அது சரிப்படாது, அவருக்கு விண்டோஸ்தான் வேண்டும். அவர் புதிது வாங்குவதே நல்லது. கடையின் கணக்கு முழுக்க அதில்தானே இருக்கிறது.

இனி பணக் கணக்கு. பேட்டரி மாற்ற 2,500 ரூபாய், அதனால் இரண்டு வருடம் கூடுதலாக ஓடும் என்று வைத்துக்கொள்வோம். மாதம் நூறு ரூபாய்ச் சொச்சம். 25,000 ரூபாய் போன் நான்கு வருடம் உழைத்தால் மாதம் ஐந்நூறுக்கு மேல். ரிப்பேர் செலவை, அது தரும் மாதங்களால் வகுத்துப் பாருங்கள் என்பதுதான் என் யோசனை. 'பாதி விலைக்கு மேல் ஆனால் விட்டுவிடு' என்ற சூத்திரம் அவ்வளவு துல்லியமல்ல. வகுக்கும்போது அப்டேட் மீதமிருக்கும் மாதங்களைத்தான் எடுக்க வேண்டும். நான்கு மாதத்தில் ஆதரவு முடியப்போகும் போனுக்கு 8,000 ரூபாய் காம்போ என்றால் மாதம் 2,000 ஆகிறது. அங்கே எக்ஸ்சேஞ்ச் ஆஃபரைத் திறந்து வைத்த மகள் செய்ததே சரி. உள்ளே தண்ணீர் போய் போர்டு அரித்த போனும் அப்படித்தான். இன்று ஒரு ஐ.சி. மாற்றினால் அடுத்த மாதம் வேறொன்று போகும்.

ஆக, புதிதாக வாங்கும்போதே அந்தக் கடைசித் தேதியைக் கேட்டுவிடுவது உத்தமம். கேமராவின் மெகாபிக்சலைக் கேட்கும் அளவுக்காவது இதைக் கேட்கலாம். 2023 அக்டோபரில் பிக்சல் 8-க்கு ஏழு வருட அப்டேட் என்று கூகுள் அறிவித்தது, 2024 ஜனவரியில் கேலக்ஸி எஸ்24-க்கு சாம்சங்கும் அதையே சொன்னது. இவை விலை கூடிய போன்கள். பட்ஜெட் போன்களில் இரண்டு, மூன்று வருடத்தோடு முடிந்துவிடுவதும் உண்டு, அதிலும் ஆண்டுகள் போன் சந்தைக்கு வந்த நாளிலிருந்து எண்ணப்படுகின்றன. வந்து ஒன்றரை வருடம் ஆன மாடலைத் தீபாவளித் தள்ளுபடியில் வாங்குபவர், விலையோடு சேர்த்து ஆயுளிலும் தள்ளுபடி வாங்குகிறார். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் இதற்குச் சட்டமே வந்துவிட்டது. ஒரு மாடலின் விற்பனை நின்ற பிறகும் ஐந்து வருடம் அப்டேட் தர வேண்டும், ஏழு வருடம் உதிரிபாகம் கிடைக்க வேண்டும், 800 முறை சார்ஜ் ஏற்றிய பிறகும் பேட்டரியில் 80 சதவீதம் மிஞ்ச வேண்டும். நம் நாட்டில் 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் துறை ரிப்பேர் உரிமைக்காக ஒரு இணையதளம் திறந்தது; ஐரோப்பா போல் கட்டாயப்படுத்தும் அளவுக்கு இங்கே போகவில்லை.

காதில் செருகும் ஒயர் இல்லாத பட்ஸைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பட்டாணி அளவு பேட்டரி, பெரும்பாலும் மாற்றவே முடியாது, தேய்ந்ததும் தூக்கிப்போடத்தான். ஸ்மார்ட் டி.வி.யில் படம் நன்றாகத் தெரிந்து ஆப்கள் மட்டும் திணறினால், சில ஆயிரம் ரூபாயில் ஒரு ஸ்டிக் வாங்கிச் செருகினால் போதும், பேனலை மாற்ற வேண்டாம்.

பேட்டரி உப்பிய கருவி என்றால் மட்டும் எந்தக் கணக்கும் போடாமல் உடனே சார்ஜிலிருந்து எடுத்துவிட வேண்டும். அழுத்தித் தட்டையாக்கப் பார்ப்பதோ குத்திப் பார்ப்பதோ தீயில் முடியும். அந்தப் பேட்டரியை மாநகராட்சிக் குப்பைத் தொட்டியில் போடவும் கூடாது, மின்கழிவு வாங்குபவரிடம் சேர்க்க வேண்டும். 2022-ல் உலகம் உண்டாக்கிய மின்கழிவு 6.2 கோடி டன். அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 சதவீதம்.

பழைய போனை எக்ஸ்சேஞ்சில் கொடுப்பதானால் வாட்ஸ்அப் பேக்கப்பை எடுத்துவிட்டு, யூ.பி.ஐ. ஆப்களிலிருந்து கணக்கை நீக்கிவிட்டு, கூகுள் கணக்கிலிருந்தும் வெளியேறிய பிறகு ரீசெட் போடுங்கள். வெளியேறாமல் போட்டால் வாங்கியவர் உங்கள் பாஸ்வேர்டு கேட்டு இரவு பத்து மணிக்கு போன் செய்வார். செகண்ட் ஹேண்ட் வாங்குவதானால் *#06# அடித்து வரும் 15 இலக்க எண்ணை, கே.ஒய்.எம். என்று ஆங்கிலத்தில் அடித்து ஓர் இடம் விட்டுச் சேர்த்து, 14422-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினால் அது திருட்டு போனாகத் தடை செய்யப்பட்டதா என்று தெரிந்துவிடும். டிஸ்ப்ளே அடியோடு செத்துப்போன போன்தான் தொல்லை. ரீசெட் போட முடியாது என்று அப்படியே கொடுத்துவிடுகிறார்கள், உள்ளே போட்டோ முதல் ஆதார் நகல் வரை எல்லாம் இருக்கும். சர்வீஸ் கடையில் சொன்னால் வேறொரு டிஸ்ப்ளேவைத் தற்காலிகமாக மாட்டிக் கொடுப்பார்கள், பக்கத்திலேயே நின்று அழித்துவிட்டுக் கொடுக்கலாம்.