சிமெண்டுக் கட்டையும் தேயும்!

அம்பாங்கானிலிருந்து சிரம்பான் ஸ்டேஷனுக்குப் போய் ரயில் ஏறும் அன்பர்களே! வண்டி வரும்வரை தண்டவாளத்தின் அடியில் சற்றுப் பாருங்கள். கம்பிச்சடக்கு வேலைக்குப் போன நம் பாட்டன்மார் தோளில் சுமந்தது மரச் சிலிப்பர் கட்டை. 1995-இல் கொமுட்டர் ரயிலும், 2013-இல் கிம்மாஸ்வரை இரட்டைப் பாதையும் வந்தபின், சிமெண்டுக் கட்டைகளே வரிசையாய்த் தெரியும்.

மரமென்றால் கரையான் அரிக்கும், மழையில் உளுக்கும். சிமெண்டுக்கு என்ன கேடு என்கிறீர்களா? உள்ளே இழுத்து விறைப்பாக்கிய கம்பிகள் இருப்பதால் அது லேசில் ஒடியாதுதான். ஆனால் தண்டவாளம் உட்காரும் இடத்தில் தேயும்.

கட்டைக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே ரப்பர் அல்லது பிளாஸ்டிக் தகடு ஒன்றை வைத்து, இரும்புக் கிளிப்பால் இறுக்கியிருப்பார்கள். (ரப்பர் என்றதும் நமக்கும் ஒரு சொந்தம் வந்துவிடுகிறது!) தகடு நைந்தாலோ கிளிப் தளர்ந்தாலோ மழைத் தண்ணீரும் பொடிமணலும் உள்ளே புகும். பிறகென்ன? ஒவ்வொரு சக்கரமும் ஏறி அழுத்த அழுத்த, ஆட்டுக்கல்லில் மாவு அரைபடுவதுபோல் சிமெண்டு அரைபடும். பள்ளம் விழுவது தண்டவாளத்தின் அடியில். மேலிருந்து பார்த்தால் கட்டை புத்தம் புதிதாகவே இருக்கும்!

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. 2005 ஏப்ரல் 3-ஆம் தேதி அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், ஹோம் வேலி என்னும் ஊருக்கு அருகே ஒரு பயணிகள் ரயில் தடம் புரண்டது. கட்டைகள் தேய்ந்ததால் தண்டவாளம் வெளிப்பக்கம் சாய்ந்து, இடைவெளி அகன்றுவிட்டது. நல்ல வேளையாக உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் விசாரணையில் வந்த சேதிதான் மனத்தை உறுத்துகிறது. அவ்விடத்தில் வண்டி மோசமாக ஆடுகிறது என்று முன்னரே பலமுறை புகார் போயிருந்ததாம்! அரை அங்குலம் தேய்ந்த கட்டை ஆகாது என்று அந்நாட்டில் விதி வந்தது 2011-இல்தான்.

தேய்மானத்துக்கு வெளி அடையாளங்களும் உண்டு. தண்டவாள ஓரத்தில் சாம்பல் நிறச் சேறு கசியும், தகடு நழுவி எட்டிப் பார்க்கும், கிளிப் ஆடும். சந்தேகம் வந்தால் ஊழியர்கள் கிளிப்பைக் கழற்றி, தண்டவாளத்தைத் தூக்கிப் பார்ப்பார்கள். பள்ளம் சிறிதென்றால் பசை பூசி நிரப்பிப் புதுத் தகடு போடலாம். பெரிதென்றால் கட்டையையே மாற்ற வேண்டும்.

நீங்கள் மேடையில் நின்று பார்த்தால் போதும், கீழே இறங்கிவிடாதீர்கள். மேலே ஓடும் கம்பியில் 25,000 வோல்ட் மின்சாரம்! உங்கள் வேலை வண்டிக்குள் இருக்கிறது. தினமும் ஒரே இடத்தில் வண்டி பக்கவாட்டில் தூக்கிப் போடுகிறதா? எந்த இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவே, எத்தனை மணி வண்டி என்று குறித்துக்கொண்டு, இறங்கியதும் ஸ்டேஷனில் சொல்லுங்கள்.