காப்பிக் கடையைக் காப்பாற்றிய சிப்பந்திகள்

திருச்சூரிலோ திருவனந்தபுரத்திலோ ‘இந்தியன் காப்பி ஹவுஸ்’ ஒன்றில் நுழைந்து உட்காருங்கள். வெள்ளை உடுப்பும், விசிறி வைத்த தலைப்பாகையும், இடுப்பில் பட்டையுமாக ஒருவர் வந்து நிற்பார். நீங்கள் காப்பி கேட்பீர்கள். பீட்ரூட் போட்ட மசாலா தோசை ஒன்றும் கேட்பீர்கள். அவர் போய் எடுத்து வந்து உங்கள் முன்னால் வைப்பார். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிய பிறகு அவரிடம், “இந்தக் கடைக்கு முதலாளி யார், ஐயா?” என்று கேட்டுப் பாருங்கள். அவர் சிரித்துக் கொள்வார். ஏனென்றால் கல்லாவில் உட்கார்ந்திருப்பவரும் முதலாளி. உள்ளே அடுப்படியில் வேர்த்து நிற்பவரும் முதலாளி. உங்களுக்குத் தோசை கொண்டு வந்தவரும் ஒரு முதலாளிதான்!

இது கூட்டுறவுச் சங்கம் நடத்தும் கடை. சங்கத்தின் அங்கத்தினர்கள் அங்கே வேலை செய்யும் சிப்பந்திகளே. இவர்களுக்கு முன் இருந்தவர்கள் இந்தக் கடைகளை லாபம் கருதி விலைக்கு வாங்கவில்லை. “கடையை மூடப் போகிறோம், இனி உங்களுக்கு வேலை இல்லை” என்று சொல்லப்பட்டவர்கள் அவர்கள். வீட்டுக்குப் போக வேண்டியவர்கள், கடையை எடுத்து நடத்தினார்கள். எப்படி?

இந்தக் கேள்வி காப்பிப் பிரியர்களுக்கு மட்டும் உரியது அல்ல. ஊருக்கு ஊர் சிறு ஹோட்டல்களும், அச்சகங்களும், பட்டறைகளும் தள்ளாடிக் கொண்டிருக்கின்றன. “நாளை சனிக்கிழமை; எட்டுப் பேருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டுமே!” என்று இரவில் தூக்கம் வராமல் புரளும் முதலாளிகள் எத்தனையோ பேர். “கடை இருக்குமா, போய்விடுமா?” என்று ஒருவரையொருவர் ரகசியமாகக் கேட்டுக் கொள்ளும் சிப்பந்திகளும் அத்தனை பேர். இரு தரப்பாருக்கும் இந்தக் கதையில் விஷயம் இருக்கிறது.

காப்பியை விற்கப் பிறந்த கடை

1930-க்குப் பிறகு உலகெங்கும் வியாபாரம் படுத்துவிட்டது. குடகிலும், சிக்மகளூரிலும், நீலகிரியிலும், சேர்வராயன் மலையிலும் விளைந்த காப்பிக் கொட்டைக்கு விலை இல்லை. வெளிநாட்டார் வாங்காவிட்டால் நம் நாட்டாரைக் குடிக்க வைப்போம் என்று யோசனை பிறந்தது. 1935-ல் காப்பிக்குத் தனித் தீர்வை விதித்து ஒரு கமிட்டி ஏற்பட்டது. அந்தக் கமிட்டிதான் 1936-ல் பம்பாயில் சர்ச்கேட் பகுதியில் முதல் காப்பி ஹவுஸைத் திறந்தது. பின்னர் யுத்தம் வந்து கப்பல் போக்குவரத்து கெட்டது. 1942-ல் காப்பிச் சட்டம் வந்து, காப்பி போர்டு உருவாயிற்று. அந்தப் பத்தாண்டுகளில் நாடெங்கும் சுமார் 50 காப்பி ஹவுஸ்கள் இருந்தன. கல்கத்தாவில் காலேஜ் தெருவில் ஆல்பர்ட் ஹாலிலும் ஒன்று திறந்தது.

ஒரு கோப்பைக் காப்பியை வைத்துக் கொண்டு மணிக்கணக்கில் உட்காரலாம். யாரும் எழுந்து போகச் சொல்ல மாட்டார்கள். எழுத்தாளர், வக்கீல், மாணவர், அரசியல்வாதி எல்லாரும் அங்கே கூடினார்கள்.

“மூடப் போகிறோம்!”

1950-களின் நடுவில் கொள்கை மாறியது. காப்பி ஹவுஸ்களை மூடுவதென்று போர்டு தீர்மானித்தது. சிப்பந்திகளுக்கு வேலை நீக்க உத்தரவு வரத் தொடங்கியது. பத்து, பதினைந்து வருஷம் அதே மேஜைகளைத் துடைத்தவர்கள் அவர்கள். காப்பி ஹவுஸ் தவிர வேறு தொழில் தெரியாதவர்கள் பலர்.

அப்போது லோக சபையில் கம்யூனிஸ்ட் குழுவின் தலைவராக இருந்தவர் ஏ. கே. கோபாலன். தொழிற்சங்கத்தில் முன்னின்றவர்களில் ஒருவர் என். எஸ். பரமேஸ்வரன் பிள்ளை; பின்னாளில் காப்பி ஹவுஸின் கதையை மலையாளத்தில் ஒரு புத்தகமாகவே எழுதியவர். வேலை போன தொழிலாளிக்கு ஒரு தலைவர் வழக்கமாகச் சொல்லும் யோசனை, “போராடு” என்பதுதான். கோபாலன் அதோடு நிற்கவில்லை. “கடைகளை நீங்களே எடுத்து நடத்துங்கள்; கூட்டுறவுச் சங்கம் அமையுங்கள்” என்றார்.

1957 ஆகஸ்டு 19-ந் தேதி பெங்களூரில் முதல் சங்கம் உருவாயிற்று. அதே வருஷம் டில்லியில் தொழிலாளர் நடத்தும் காப்பி ஹவுஸ் திறந்தது. 1958 மார்ச் 8-ந் தேதி திருச்சூரில் ஒன்று. அடுத்துக் கண்ணூர்ப் பக்கம் தனிச் சங்கம் அமைந்து, தலைச்சேரியில் கடை திறந்தது. பழைய ‘இந்தியா காப்பி ஹவுஸ்’ இவர்கள் கையில் ‘இந்தியன் காப்பி ஹவுஸ்’ ஆயிற்று. பிற்காலத்தில் நாடெங்கும் 13 சங்கங்களும், ஏறக்குறைய 400 கடைகளும் என்று அது வளர்ந்தது. மூடப்பட வேண்டிய 50, நானூறாகப் பெருகியது என்றால் ஆச்சரியம் அல்லவா?

நோய் எங்கே?

ஆச்சரியப்படுவதோடு நிற்காமல் கொஞ்சம் யோசிப்போம். அதே காப்பிக் கொட்டை, அதே பால், அதே ஆட்கள். போர்டின் கையில் வேண்டாததாகிப் போன கடை, சிப்பந்திகளின் கையில் எப்படிப் பிழைத்தது? மூடும்படி தீர்ப்புச் சொன்னது எங்கோ இருந்த நிர்வாகம். காப்பி குடிக்க வந்த ஜனங்கள் அல்ல. தொழில் சாகவில்லை. தொழிலை நடத்தியவர்களுக்குத்தான் அது தேவைப்படவில்லை.

கஷ்டத்தில் இருக்கும் ஒவ்வொரு முதலாளியும் தம்மைத் தாமே கேட்டுக் கொள்ள வேண்டிய முதல் கேள்வி இதுதான்: சாகக் கிடப்பது என் தொழிலா, அல்லது நான் அதை நடத்தும் ஏற்பாடா?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு சிறு ஹோட்டலில் நாள் ஒன்றுக்கு 10,000 ரூபாய் வியாபாரம் என்று வைத்துக் கொள்ளுங்கள். அரிசி, பால், எண்ணெய், காஸ் செலவு 5,000. சம்பளம் 3,000. வாடகையும் மின்சாரமும் 1,200. ஆக 9,200 போக 800 ரூபாய் மிச்சம். ஆனால் பழைய கடனுக்கு வட்டியும் தவணையுமாக நாளுக்கு 1,500 கட்ட வேண்டும். 700 ரூபாய் துண்டு விழுகிறது. “நஷ்டம், நஷ்டம்” என்று முதலாளி தலையில் கை வைத்துக் கொள்கிறார். உண்மையில் இந்தக் கடை பிழைக்கத் தெரிந்த கடை. நோய் கடனில் இருக்கிறது. கடன் கொடுத்தவரிடம் உட்கார்ந்து பேசித் தவணையை நீட்டினால் எட்டுக் குடும்பங்கள் பிழைக்கும்.

அதே ஹோட்டலில் வியாபாரம் 8,000-க்கு இறங்கி, செலவு 9,200-லேயே நின்றால் கதை வேறு. கடனே இல்லாவிட்டாலும் கதவைத் திறக்கும் ஒவ்வொரு நாளும் 1,200 ரூபாய் பள்ளம். செலவைக் குறைக்கவோ புதிய வியாபாரம் தேடவோ வழி இல்லாமல், பெண்டாட்டி நகையை அடகு வைத்து அதைத் திறந்து வைப்பது வீரம் அல்ல.

இந்தக் கணக்கைச் சிப்பந்திகளிடம் காட்ட வேண்டுமா? நம் ஊர் முதலாளிகள் பலர் காட்டுவதில்லை. காட்டினால் ஆட்கள் ஓடிப் போவார்கள் என்ற பயம். ஆனால் எந்தப் பண்டம் வீணாகிறது, எந்த வேளையில் ஆட்கள் சும்மா நிற்கிறார்கள், எதைக் கேட்டு வாடிக்கைக்காரர் இல்லையென்று திரும்பிப் போகிறார் என்பதெல்லாம் பரிமாறுகிறவருக்குத் தெரியும். கல்லாவில் இருப்பவருக்குத் தெரியாது. கேரளத்துக் காப்பி ஹவுஸ்கள் வெறும் காப்பியோடு நிற்கவில்லை. கட்லெட், தோசை, சாப்பாடு என்று பட்டியலை நீட்டின. ஆஸ்பத்திரி வளாகங்களில்கூடக் கடை போட்டன. ஆள் கூடும் இடத்துக்குக் கடை போயிற்று.

சங்கம் என்றால் சும்மா இல்லை

கூட்டுறவு என்பது மந்திரக்கோல் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். அங்கத்தினருக்குப் பங்கு உண்டு. ஆளுக்கு ஓர் ஓட்டு உண்டு. நிர்வாகக் குழுவை அவர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். அதேசமயம் சம்பளம் போதவில்லை என்றால் யாரிடம் போய்க் கொடி பிடிப்பது? சம்பளத்தை உயர்த்தினால் தோசை விலை ஏறும். தோசை விலை ஏறினால் ஜனம் குறையும். அந்தச் சங்கடத்தை இப்போது சிப்பந்தியே சுமக்க வேண்டும்.

வெளியிலிருந்தும் இடி வரும். பெங்களூர் மகாத்மா காந்தி ரோடு காப்பி ஹவுஸ் 50 வருஷம் அதே இடத்தில் நடந்தது. கட்டடச் சொந்தக்காரரோடு நடந்த வழக்கில் தோற்று, 2009 ஏப்ரலில் அந்தக் கதவு அடைபட்டது. கடைசி நாட்களில் பழைய வாடிக்கைக்காரர்கள் வந்து கண் கலங்க நின்றார்கள். ஆனால் சங்கம் கலையவில்லை. பக்கத்திலுள்ள சர்ச் தெருவில் இடம் பிடித்து மீண்டும் காப்பி ஊற்றியது. இடம் போனாலும் தொழில் போகாது என்பதற்கு அது ஓர் உதாரணம்.

வாடிக்கைக்காரர்களுக்கும் ஒரு பங்கு உண்டு. கல்கத்தா காலேஜ் தெருக் காப்பி ஹவுஸ் 1958-ல் மூடப்பட்டது. பிரஸிடென்ஸி கல்லூரிப் பேராசிரியர்களும் பல்கலைக்கழகப் பேராசிரியர்களும் சர்க்காருக்கு மனுப் போட்டார்கள். அந்த வருஷமே கதவு திறந்தது. நம் தெருக் கடை மூடிய பிறகு “நல்ல கடை, பாவம்” என்று அனுதாபப்படுவதைவிட, திறந்திருக்கும்போது போய் ஒரு காப்பி குடிப்பது மேல்.

மூடத்தான் வேண்டுமென்றால்...

எல்லா முயற்சியும் செய்தாயிற்று. இனி முடியாது என்றால் மூடுவதில் அவமானம் இல்லை. மூடுகிற விதத்தில்தான் மானமும் அவமானமும்.

காப்பி ஹவுஸ் சிப்பந்திகள் தவித்த அதே நாட்களில், 1956 நவம்பரில், சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்புச் சொன்னது. நடக்கும் தொழிலில் ஆளைக் குறைத்தால்தான் அது ஆட்குறைப்பு. தொழிலையே உண்மையாக மூடிவிட்டால் அந்த நஷ்டஈடு கிடையாது என்று சட்டத்துக்குப் பொருள் கூறியது. அதாவது, பாதிப் பேரை நீக்கினால் பணம் உண்டு. எல்லாரையும் நீக்கினால் இல்லை! 1957-ல் பார்லிமெண்டு சட்டத்தைத் திருத்தி இந்த ஓட்டையை அடைத்தது. தொடர்ந்து ஓராண்டாவது வேலை பார்த்த தொழிலாளிக்கு, பார்த்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் என்று ஏற்பட்டது. வெறும் பணக் கஷ்டத்தையோ, சரக்குத் தேங்கியதையோ காட்டி இதைக் குறைக்க முடியாது. 2025 நவம்பரில் அந்தப் பழைய சட்டத்தின் இடத்துக்குத் தொழில் உறவுத் தொகுப்புச் சட்டம் வந்தது. 15 நாள் என்ற அளவு அதிலும் இருக்கிறது.

ஆகவே கையில் காசு அடியோடு வற்றும் வரை காத்திருந்து, ஒருநாள் காலையில் பூட்டைத் தொங்க விட்டுத் தலைமறைவாவது சட்டத்துக்கும் விரோதம், தர்மத்துக்கும் விரோதம். சிப்பந்திகளுக்குச் சேர வேண்டியதைக் கொடுக்கப் பணம் இருக்கும்போதே தீர்மானம் செய்ய வேண்டும். இரண்டு மாதம் முன்னதாகச் சொன்னால் அவர்கள் வேறு இடம் தேடிக் கொள்வார்கள். யார் கண்டது? “ஐயா, மூட வேண்டாம், நாங்கள் நாலு பேர் சேர்ந்து நடத்திப் பார்க்கிறோம்” என்று அவர்களிலேயே ஒருவர் எழுந்து சொன்னாலும் சொல்லலாம். சொல்லவே இல்லை என்றால் அந்தச் சந்தர்ப்பமே கிடையாது.

1957-ல் மூடப்படும் என்ற செய்தி சிப்பந்திகளின் காதுக்கு முன்கூட்டியே எட்டியிருந்ததால்தான், கூடிப் பேச அவர்களுக்கு அவகாசம் கிடைத்தது. அன்று தலைப்பாகையைக் கழற்றி வைக்கச் சொல்லப்பட்டவர்கள் அதைக் கழற்றவில்லை. அடுத்த முறை அந்த விசிறித் தலைப்பாகை உங்கள் மேஜையருகே வந்து நிற்கும்போது, காப்பியோடு இந்தக் கதையையும் நினைத்துக் கொள்ளுங்கள்.