‘மேக்’கும் ‘டூ’வும்: தோட்டப் பிள்ளைகளின் ஆங்கிலம்

பதுளை, பசறை, ஹாலிஎல, ஹப்புத்தளை எனப் பரந்து கிடக்கும் ஊவாவின் தேயிலைத் தோட்டங்களில் வளரும் பிள்ளைகளுக்கு ‘மேக்’ என்ற ஆங்கில வினைச்சொல் புதியதன்று. தொழிற்சாலைப் பொறுப்பாளரைத் தோட்டமே ‘டீமேக்கர்’ என்றுதான் அழைக்கிறது. ஏறத்தாழ 4½ கிலோ பச்சைக் கொழுந்து வாட்டி, அரைத்து, உலர்த்தப்பட்டு ஒரு கிலோ தேயிலையானதும் வர்த்தக ஆங்கிலத்தில் அது ‘மேட் டீ’ ஆகிவிடுகிறது. ஆயினும் இப்பிள்ளைகளுள் பலர் பரீட்சைத் தாளில் ‘டூ எ மிஸ்டேக்’ என்று எழுதிப் புள்ளிகளை இழக்கின்றனர்.

இத்தவறின் வேர் தாய்மொழி வழக்கில் இருக்கிறது. ‘செய்’ என்ற ஒரே வினையைக் கொண்டு நாம் வேலையும் செய்கிறோம், தவறும் செய்கிறோம், முறைப்பாடும் செய்கிறோம். ஆங்கிலமோ இவற்றை இரண்டாகப் பங்கிட்டு வைத்திருக்கிறது. வேலைக்கும் வீட்டுப்பாடத்துக்கும் ‘டூ’. தவறு, முறைப்பாடு, வேண்டுகோள், வாக்குறுதி என்பவற்றுக்கு ‘மேக்’. தமிழில் முடிவை எடுக்கிறோம், சத்தம் போடுகிறோம், தேநீர் ஊற்றுகிறோம். ஆங்கிலத்தில் இம்மூன்றுக்கும் ‘மேக்’ பொருந்தும். புதிதாக ஒன்றை உருவாக்குவதற்கு ‘மேக்’, ஒரு பணியை ஆற்றுவதற்கு ‘டூ’ என்பது பொதுவான வழிகாட்டி. ஆனால் அது எங்கும் கைகொடுப்பதில்லை. வியாபாரத்துக்கு ‘டூ’ வரும். அதில் ஈட்டும் பணத்துக்கு ‘மேக்’ வரும்.

நமது வழக்கிலும் இத்தகைய சொற்சேர்க்கைகள் உண்டு. தோட்டத்தில் ‘பேர் போடுதல்’ என்றால் ஒரு நாள் வேலையைச் செக்ரோலில் பதிதல். ‘அரைப்பேர்’ என்றால் பாதி நாட் சம்பளம். ‘பேர்’, ‘போடு’ என்று அகராதியில் தனித்தனியே தேடும் வெளியூரவருக்கு இது விளங்காது. சொல்லின் பொருளை அதன் துணைச்சொற்களோடு சேர்த்தே அறிய வேண்டும் என்பதைப் பிரித்தானிய மொழியியலாளர் ஜே.ஆர். ஃபேர்த் 1950களில் வலியுறுத்தினார்.

ஆகவே, ‘மிஸ்டேக்’ என்றால் தவறு என்று கற்பிப்பது போதாது. ‘மேக் எ மிஸ்டேக்’ என்ற முழுத் தொடரையும் மனத்தில் பதிக்க வேண்டும். 3ஆம் தரத்திலிருந்து 11ஆம் தரம்வரை கற்கும் ஒரு பாடத்தில் இதற்குக் கால அவகாசம் தாராளமாக உண்டு.

தோட்ட அலுவலகங்களின் பதிவேடுகளும் கடிதங்களும் நெடுங்காலம் ஆங்கிலத்திலேயே இருந்தன. தமக்கு ஏன் அரைப்பேர் விழுந்தது என்று அறியவும் பெற்றோர் பிறர் தயவை நாட வேண்டியிருந்தது. அவர்கள் தொழிற்சாலைச் சொல்லாக மட்டுமே கேட்டிருந்த ‘மேக்’கைக் கொண்டு, பிள்ளைகள் தமது வேண்டுகோளையும் முறைப்பாட்டையும் தாமே எழுதும் நிலை வர வேண்டும்.